தாத்தாவின் தபால்தலைப் பெட்டி உங்கள் கைக்கு வந்தால்: பிரிக்கவும் பாதுகாக்கவும் முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்தோ இரும்புப் பெட்டியிலிருந்தோ தபால்தலை ஆல்பம் ஒன்று வெளியே வருவது அபூர்வமான விஷயம் இல்லை. இந்தப் பகுதியின் பிழைப்பு அப்படி. ஹார்பரில் வேலை பார்த்தவர்கள், மண்ணடியிலும் பாரிமுனையிலும் ஏற்றுமதி இறக்குமதிக் கம்பெனிகளில் கணக்கு எழுதியவர்கள், பெரம்பூர் ரயில்வேக்காரர்கள், கப்பலில் போய்வந்தவர்கள் என எல்லார் வழியாகவும் வெளிநாட்டுக் கவர்கள் வீட்டுக்கு வந்தன. ராயபுரத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் சொந்தக்காரர்கள் எழுதினார்கள். வியாசர்பாடியில் குடியேறிய பர்மா தமிழர்களின் பெட்டிகளில் ரங்கூன் கடிதங்கள் இருக்கும்.

அப்படி ஒரு சேகரிப்பு கைக்கு வந்ததும் முதலில் எழும் கேள்வி, "இது எவ்வளவுக்குப் போகும்?" அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பல வருஷம் பரணில் தாங்கிய சேகரிப்பு, வாரிசு கைக்கு வந்த முதல் வாரத்திலேயே பாழாகிப்போவதைப் பார்த்திருக்கிறேன். கவரிலிருந்து தபால்தலையை வெட்டி எடுக்கிறார்கள், எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் போடுகிறார்கள், ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்கிறார்கள். இந்த மூன்றும் திருத்த முடியாத சேதம். இவற்றைச் செய்யாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

எப்போது, எங்கே திறப்பது

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை நேரத்தில், பெட்டியைப் பிரித்துப் பரப்பாதீர்கள். பயன்படுத்தாத தபால்தலையின் பின்பக்கப் பசை ஈரக் காற்றிலேயே இளகி, பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடலை ஒட்டிய வீடு என்றால் கடற்காற்று நேராக அடிக்காத உள்ளறையைத் தேர்ந்தெடுங்கள். ஏசி அறை இருந்தால் அங்கேயே உட்காரலாம். மின்விசிறி ஓடக் கூடாது. ஒரு சுழற்சியில் அரை மேசை காலியாகிவிடும். ஆனால் விசிறி இல்லாவிட்டால் வியர்க்கும், நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் பசை போச்சு. எனவே ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதையும் எடுப்பதற்கு முன்னால் பெட்டி இருந்தது இருந்தபடியே போனில் படம் பிடியுங்கள். எந்த டப்பாவுக்குள் எந்தப் பொட்டலம், எந்த ஆல்பத்துக்குள் எந்தத் துண்டுக் காகிதம் என்று எல்லாவற்றையும் எடுங்கள். ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் மேலிருந்து நேராக எடுங்கள், ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருப்பது உட்பட. சேர்த்தவர் அடுக்கிய வரிசையே ஒரு தகவல். ஒரு பொட்டலம் முழுக்க சிங்கப்பூர், பினாங்குத் தபால்தலைகள் இருந்தால், அவருக்கு அங்கே யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். அழகாக அடுக்குகிறேன் என்று அந்தப் பொட்டலத்தைக் கலைத்துவிட்டால் அந்தச் செய்தி திரும்பக் கிடைக்காது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஆல்பத்தோடு உட்கார்ந்து கேளுங்கள், பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

கைக்கு வேண்டிய சாமான்கள்

தட்டையான, வழவழப்பான நுனியுள்ள ஸ்டாம்ப் டாங்ஸ் (தபால்தலை எடுக்கும் சின்ன இடுக்கி) ஒன்று வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் வரிவரியான நுனி கொண்டது வேண்டாம். அது தடம் பதிக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஓரத் துளைகளை அளக்கும் பெர்ஃபரேஷன் கேஜ், மெல்லிய, வழவழப்பான கிளாசின் காகித உறைகள், தலைகளை ஒட்டாமல் செருகி வைக்கும் நல்ல ஸ்டாக் புக், மை ஒற்றும் பிளாட்டிங் பேப்பர், மென்மையான பென்சில். ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் பக்கங்களுக்கு நடுவே வைக்கும் தாள் வாங்கும்போது அமிலமில்லாத தாள் என்று கேட்டு வாங்குங்கள். பேனாவை மேசைக்கே கொண்டுவராதீர்கள்.

முதல் பிரிப்பு: முழுக் கவர்கள் தனி

முழு உறை, தபால் அட்டை, இன்லேண்டு லெட்டர், ஏரோகிராம் (வெளிநாட்டு விமானத் தபாலுக்கான மடிப்புத் தாள்), முதல் நாள் உறை (தலை வெளியான நாளிலேயே முத்திரை குத்திய கவர்) ஆகியவற்றை முதலில் தனியே எடுத்து வையுங்கள். இவற்றிலிருந்து ஒரு தபால்தலையைக்கூட வெட்டாதீர்கள், நனைத்து எடுக்காதீர்கள். தபால்தலை மட்டும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அது ஒட்டிய கவர், முத்திரை, முகவரி, போய்ச் சேர்ந்த தேதி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். சேகரிப்பாளர்களும் சாதாரண தபால்தலைக்குத் தராத விலையை அது ஒட்டிய நல்ல கவருக்குத் தருவார்கள்.

நம் பக்கத்துப் பெட்டிகளில் இந்தப் பிரிவில் குறிப்பாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஓடும் கப்பலில் தபாலில் சேர்த்த கடிதத்துக்குத் துறைமுகத்தில் 'பாக்கெபோ' என்ற பிரெஞ்சுச் சொல் உள்ள முத்திரை குத்துவார்கள். கப்பல்காரர் குடும்பம் என்றால் தேடிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் கால வெளிநாட்டுக் கடிதங்களில் தணிக்கை முத்திரையும், ஓரத்தைப் பிரித்து மறுபடி ஒட்டிய தணிக்கைப் பட்டையும் இருக்கும். கவரை அசிங்கமாக்குகிறது என்று அந்தப் பட்டையைப் பிய்ப்பவர்கள் உண்டு. அதுதான் அந்தக் கவரின் உயிர். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அதற்குச் சற்று முன் தேதியிட்ட மெட்ராஸ்–ரங்கூன் கடிதம் உங்களிடம் இருந்தால், உள்ளே இருக்கும் கடிதத்தாளையும் கவரோடு சேர்த்தே வையுங்கள்.

தேதி மங்கிய கவரின் காலத்தை முகவரியே சொல்லிவிடும். 'மெட்ராஸ்-13' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1972 ஆகஸ்ட் 15-க்கு முந்தியது. அன்றுதான் பின்கோடு வந்தது, அதன்பிறகு ராயபுரம் 600 013 ஆனது. முத்திரையில் மெட்ராஸுக்குப் பதில் சென்னை என்று இருந்தால் 1996-க்குப் பிந்தியது.

அடுத்த குவியல், வருவாய்த் தலைகள். சௌகார்பேட்டை, மண்ணடி வியாபாரக் குடும்பங்களின் பெட்டிகளில் ரசீதுத் தலை, கோர்ட் ஃபீ, பங்கு மாற்றத் தலை எல்லாம் தபால்தலையோடு கலந்து கிடக்கும். இவை தபாலுக்கானவை இல்லை, ஆனால் இவற்றையே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பத்திரத்தில் ஒட்டியிருந்தால் பத்திரத்தோடு விடுங்கள்.

உடனே ஓர் எச்சரிக்கை. நடுவில் ஊசித் துளைகளாக எழுத்துகள் குத்தப்பட்ட தபால்தலையைக் கிழிசல் என்று தூக்கிப் போடாதீர்கள். ஆபீஸ் தபால்தலையை ஊழியர் எடுத்துப் போகாமலிருக்க, பிரிட்டிஷ் கால வணிக நிறுவனங்கள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளை அப்படிக் குத்திவைத்தன. அதற்கும் தனிச் சேகரிப்பாளர்கள் உண்டு.

இரண்டாம் பிரிப்பு: நாடு

உதிரித் தலைகளை இந்தியா, பழைய சமஸ்தானங்கள், அண்டை நாடுகள், மற்றவை என்று நான்காகப் பிரித்தால் போதும். ஆரம்பத்திலேயே நாற்பது குவியல் போட்டால் கை ஓய்ந்துவிடும்.

நாட்டின் பெயரே இல்லாமல் ராஜா ராணி முகம் மட்டும் இருந்தால் அது பிரிட்டன். ஹெல்வெட்டியா என்றால் சுவிட்சர்லாந்து, மாக்யார் என்றால் ஹங்கேரி, சுவோமி என்றால் பின்லாந்து, ஸ்வெரியே என்றால் சுவீடன், நிப்பான் என்றால் ஜப்பான். அஜ்மான், ஃபுஜைரா, ராஸ் அல் கைமா பெயர்களில் 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் வந்த பளபளப்பான பெரிய தலைகள் பள்ளிப் பையன்களின் ஆல்பங்களில் நிறைய இருக்கும். பெரும்பாலும் கடிதத்துக்கே போகாமல் முத்திரை குத்தி விற்பனைக்கென்றே அச்சிட்டவை. விலை கிடைக்காது, பார்க்க அழகு. பிள்ளைகளிடம் கொடுத்துப் பழக்க இவைதான் சரி.

திருவாங்கூரின் சங்கு போட்ட அஞ்சல் தலைகளும் கொச்சித் தலைகளும் தனி. பிரெஞ்சு இந்தியா என்று பிரெஞ்சில் அச்சான பாண்டிச்சேரித் தலைகளும் தனி. குவாலியர், பட்டியாலா, சம்பா என்று சமஸ்தானப் பெயர் மேலச்சான (அச்சான தலையின் மேலேயே மறுபடி அச்சடித்த) இந்தியத் தலைகளும் இந்தக் கூட்டம்தான்.

பர்மாவைப் பொறுமையாகப் பாருங்கள். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாக ரீதியாகப் பிரிந்தது. முதலில் ஐந்தாம் ஜார்ஜ் படம் உள்ள இந்தியத் தலைகளின் மேலேயே பர்மா என்று அச்சடித்து ஓட்டினார்கள். சொந்த வடிவமைப்பு 1938-இல் வந்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது, 1942-இல், மயில் உருவம் மேலச்சான தலைகள் வந்தன. இவற்றில் போலி மிக அதிகம். 1945-இல் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் மேலச்சு வந்தது. பர்மாவிலிருந்து வந்த குடும்பம் என்றால் இந்த நான்கு கட்டத்தையும் வரிசையாக ஒரு பக்கத்தில் அடுக்குங்கள். அந்த வீட்டின் கதை அதிலேயே கிடக்கும்.

இந்தியாவைக் காலவாரியாக அடுக்குவது

பிரிட்டிஷ் காலத்துக்கு நாணய மதிப்பும் தலையில் இருக்கும் முகமும் போதும்: விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ். ஓரத் துளையே இல்லாமல் கத்தரியால் வெட்டியது போலிருக்கும் விக்டோரியா தலைகள் 1854 வரிசையாக இருக்கலாம். ஆனால் தபால்தலைப் படம் முன்பே அச்சான பழைய உறைகளிலிருந்து வெட்டியெடுத்த படங்களும் இதே போலத் தெரியும். இவற்றை அனுபவசாலியிடம் காட்டாமல் முடிவுக்கு வராதீர்கள்.

ஒரே படம், ஒரே விலை, ஆனால் இரண்டு வேறு தலை என்ற குழப்பம் ஐந்தாம் ஜார்ஜில்தான் அதிகம். லண்டனில் டி லா ரூ நிறுவனம் அச்சிட்டவற்றில் ஒரு தலைக்கு ஒரு நட்சத்திரம் நீர்க்குறியாக (தாளுக்குள்ளேயே மங்கலாகப் பதிந்த குறி) இருக்கும். 1926 முதல் நாசிக்கில் அச்சானவற்றில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் பல. தலையைக் கறுப்புப் பரப்பில் குப்புற வைத்துச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். லைட்டர் திரவம் ஊற்றிப் பார்ப்பவர்கள் உண்டு; அது தீப்பிடிக்கும் பொருள், அடுப்பு இருக்கும் சின்ன வீட்டில் வேண்டாம்.

1935 வெள்ளிவிழா வரிசையில் ஓரணாவில் ராமேஸ்வரம் கோயில் இருக்கும், எட்டணாவில் மாண்டலே பகோடா. பர்மா இன்னும் இந்தியாவோடு இருந்த காலம் அது. 1937-இல் தொடங்கிய ஆறாம் ஜார்ஜ் வரிசையில் தபால் ஓட்டக்காரர், மாட்டு வண்டி, ஒட்டகம், ரயில், கப்பல், விமானம் என்று தபால் போன வழியெல்லாம் படமாக இருக்கும். எனக்கு மிகப் பிடித்த வரிசை, கொஞ்சம் தேடினால் முழுதாகச் சேர்த்துவிடலாம்.

சுதந்திர இந்தியாவின் முதல் தலை 1947 நவம்பர் 21 அன்று வந்த ஜெய்ஹிந்த், மூன்றரை அணா. 1948 ஆகஸ்ட் 15 அன்று காந்தி வரிசை வந்தது: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டணா, பத்து ரூபாய். சுவிட்சர்லாந்தில் கூர்வாசியே நிறுவனம் அச்சிட்டது. அந்தப் பத்து ரூபாய்த் தலையைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள், போலியும் அதில்தான் கொட்டிக் கிடக்கிறது. ஓரத் துளை அளவு பதினொன்றரை வர வேண்டும். அது சரியாக வந்தாலும், நிபுணர் சான்று இல்லாமல் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள்.

1957 ஏப்ரல் 1-இலிருந்து அணா போய் நயா பைசா. 1964-க்குப் பிறகு வெறும் பைசா. 1971-இல் வங்கதேச அகதிகளுக்காக எல்லாக் கடிதங்களிலும் கூடுதலாக ஐந்து பைசாத் தலை ஒட்ட வேண்டியிருந்தது. இந்தக் காலத்துக் கவர்களில் அது ஓரமாக ஒட்டியிருக்கும், மலிவானதுதான், ஆனாலும் பிரிக்காதீர்கள். தமிழ் முகங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்க ஆசைப்பட்டால் 1960-இல் வந்த திருவள்ளுவர், பாரதி, 1970-இல் வந்த அண்ணா, 1972-இல் வந்த வ.உ.சி. ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம்.

ஊறவைத்து எடுப்பது

கவர்த் துண்டோடு வெட்டி வைத்திருக்கும் சாதாரண, முத்திரை குத்திய தலைகளுக்கு மட்டும்தான் இது. பயன்படுத்தாத தலையை நனைக்கக் கூடாது. சிவப்பு, கருநீலக் காகிதத் துண்டில் ஒட்டியதை மற்றவற்றோடு போடாதீர்கள். சாயம் இறங்கிக் கூட இருப்பது எல்லாம் கெடும். விக்டோரியா, எட்வர்டு காலத்துக் காலனி நாடுகளின் ஊதா, பச்சை நிறத் தலைகளில் மையே கரைந்து போகும், தொடாதீர்கள். இங்கிலாந்து, அமெரிக்காவின் ஸ்டிக்கர் வகைத் தலைகள் தண்ணீரில் ஒழுங்காகக் கழன்று வராது. அவற்றைச் சுற்றிக் கொஞ்சம் காகிதம் விட்டு வெட்டி அப்படியே வைத்துவிடுங்கள்.

நம் பகுதிப் போர் தண்ணீரில் உப்பும் இரும்பும் இருப்பதால் அது ஆகாது. கேன் தண்ணீர் எடுங்கள். அகலமான தட்டில் அறை வெப்பத் தண்ணீர் ஊற்றி, தலைகளைப் படம் மேலே இருக்கும்படி மிதக்க விடுங்கள். கால் மணியிலிருந்து அரை மணிக்குள் தானாகக் கழன்றுவிடும். நகத்தால் சுரண்ட வேண்டாம். கழன்றதை இன்னொரு தட்டு நல்ல தண்ணீரில் அலசி, மிச்சப் பசை போனதும் பிளாட்டிங் பேப்பரில் குப்புறப் போடுங்கள். ஓரளவு காய்ந்ததும் இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்றுங்கள். மறுநாள் தட்டையாக இருக்கும். வெயிலில் உலர்த்தினால் சுருண்டு நிறம் வெளுக்கும்.

ஒட்டிக்கொண்டவை, கறை, பூச்சி

கட்டுக் கட்டாக ஒட்டிப்போன பயன்படுத்தாத தலைகளுக்கு ஈரப்பெட்டி வைத்தியம் உண்டு. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச், அதற்கு மேல் தண்ணீர் படாத உயரத்தில் ஒரு வலை, வலையின் மேல் தலைகள். மணிக்கொரு தரம் திறந்து பாருங்கள். இளகியதும் டாங்ஸால் மெல்லப் பிரித்துப் பசைப் பக்கம் மேலே இருக்கும்படி உலர்த்துங்கள். பசை முழுசாகத் தப்பும் என்று உத்தரவாதம் இல்லை, தலை தப்பும்.

பழைய ஆல்பங்களில் பின்பக்கம் ஹிஞ்ச் என்ற சின்னக் காகித மடிப்பு ஒட்டியிருக்கும். அதைப் பிய்க்காதீர்கள். செல்லோ டேப் ஒட்டியிருந்தாலும் இழுக்காதீர்கள். தனி உறையில் போட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

துரு போன்ற பழுப்புப் புள்ளிகள் கடற்கரை ஊர்களின் தலைவலி. புள்ளி விழுந்த தலைகளை உடனே தனி ஸ்டாக் புக்குக்கு மாற்றுங்கள். ப்ளீச்சிங், எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். புள்ளியோடு இருக்கும் தலைக்குக் கொஞ்சமாவது மதிப்பு உண்டு, வெளுத்த தலைக்கு இல்லை.

ராமபாணப் பூச்சிக்குப் பசையும் மாவுச்சத்தும் விருந்து. பாச்சை உருண்டையை ஆல்பத்தோடு வைப்பது நம் வழக்கம். அதன் ஆவி சில பிளாஸ்டிக் வகைகளை இளக்கும், வாடையும் போகாது. அலமாரியைச் சுத்தமாக வைத்து, மாதம் ஒருமுறை பக்கங்களைப் புரட்டுவதே நல்ல மருந்து.

எதில், எங்கே வைப்பது

ஒட்டும் பக்கமுள்ள போட்டோ ஆல்பம் கூடாது. குப்பென்று வாடை அடிக்கும் பிவிசி உறையும் கூடாது. அதிலுள்ள மென்மையாக்கிகள் கசிந்து தலையின் மையைக் கெடுக்கும். பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டாக் புக்குகளைப் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படுக்க வைத்தால் அடியில் இருப்பவை எடையில் ஒட்டிக்கொள்ளும்.

மொட்டை மாடிக்குக் கீழிருக்கும் பரண் வெயிலில் கொதிக்கும். சமையலறையை ஒட்டிய சுவர் வேண்டாம், மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரும் வேண்டாம். உள்ளறை பீரோவின் மேல் தட்டுதான் சரியான இடம். மலிவான டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை உள்ளே போடுங்கள். ஐம்பது சதவீதம் சுற்றி இருந்தால் நிம்மதி. அறுபத்தைந்தைத் தாண்டி அங்கேயே நின்றால் பூஞ்சைக்கு அழைப்பு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் கட்டுக்குள் வரும். நிறம் மாறும் வகையில் ஆரஞ்சு வாங்குங்கள். பச்சையானதும் சூடாக்கி ஈரம் போக்கி மறுபடி பயன்படுத்தலாம். நீல நிற வகையில் கோபால்ட் கலந்திருக்கும், பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்.

2015-இலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வடசென்னையின் பல தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். தரைத்தள வீடு என்றால் மழைக்காலம் தொடங்கும் முன்பே பெட்டியை மாடியில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அதையும் மீறி நனைந்துவிட்டால், ஒட்டியதைப் பிரிக்க முயலாதீர்கள். இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கும். எனவே உலர்த்த நேரமில்லாத கட்டுகளை ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். கரண்ட் இல்லாவிட்டால் கரண்ட் உள்ள வீட்டு ஃப்ரீசர். நிலைமை சீரானதும் ஒவ்வொரு கட்டாக எடுத்து, பிளாட்டிங் பேப்பரில் நிழலில் உலர்த்தலாம். சாக்கடை கலந்த தண்ணீர் என்றால் கையுறை போடுங்கள்.

பட்டியல், விலை, பங்கு

ஒரு நோட்டில் வரிசை எண், நாடு, வருஷம், விலை மதிப்பு, முத்திரை உண்டா இல்லையா, நிலைமை, எந்த ஸ்டாக் புக்கில் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். கவர்களை முன்னும் பின்னும் ஸ்கேன் செய்யுங்கள். தாளை இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் வேண்டாம், கண்ணாடி மேல் வைப்பது மட்டும்.

தபால்தலை விலைப் பட்டியலான கேட்டலாக்கில் போட்டிருக்கும் விலை விற்கும் விலை இல்லை. சாதாரணத் தலைகள் அதில் ஒரு சிறு பங்குக்குத்தான் போகும். பழசு என்பதால் மட்டும் எதுவும் விலை ஏறாது. ஐந்தாம் ஜார்ஜ் ஓரணா கோடிக்கணக்கில் அச்சானது. கேட்க ஆள் வேண்டும் என்றால், 1956 முதல் சென்னையில் இயங்கும் தென்னிந்திய தபால்தலை சேகரிப்பாளர் சங்கத்து அனுபவசாலிகளை அணுகலாம். அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தின் ஃபிலாட்டலிக் பீரோவில் புதிய தலைகள் கிடைக்கும். பழையதை அங்கே வாங்க மாட்டார்கள். வீட்டில் ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு இதில் ஆர்வம் இருந்தால், தபால்துறையின் தீன்தயாள் ஸ்பர்ஷ் உதவித்தொகை பற்றி அங்கேயே விசாரியுங்கள். வருஷத்துக்கு 6,000 ரூபாய்.

விற்பது என்று முடிவானால் குறைந்தது இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்பவரிடம் ஆல்பத்தை விட்டுவிட்டு வராதீர்கள். மொத்தமாகவோ, பட்டியல் எண் போட்டுப் பிரிவு பிரிவாகவோ பேசுங்கள்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை பங்கு கேட்டால் உதிரித் தலைகளை எண்ணிப் பிரிக்கலாம், அதில் சிக்கல் இல்லை. குடும்பத்துக் கடிதக் கவர்களை மட்டும் பிரிக்காமல் ஒருவர் பொறுப்பில் முழுசாக விட்டு, ஸ்கேன் செய்த படங்களையும் பட்டியலின் நகலையும் எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள். யாரிடம் இருக்கிறது என்பதை அந்தப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.